கோழிவலைக்குள் ஒரு மின்னல்

பரீட்சைக் காலத்தில் ஜெராக்ஸ் கடை இயந்திரம் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றால், மூக்குக்குள் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வாசனை ஏறும், கவனித்திருக்கிறீர்களா? பூவும் இல்லை, புகையும் இல்லை, மருந்துக்கடையும் இல்லை. பக்கத்தில் எங்கேயோ பெரிய மின்னலாக ஒன்று இறங்கிய பிறகு காற்றில் வருமே, அதுதான். ஓசோன் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். மற்றவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்வார்கள். நான் மட்டும் வாங்கவேண்டிய தாள்களை மறந்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்பேன். ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை அது ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் நாங்கள் குடியிருந்த வீட்டுப் பின்கட்டின் வாசனை. மற்ற வீடுகளின் பின்கட்டில் சாயங்காலம் டிகாக்‌ஷன் வாசனை வரும். எங்கள் வீட்டில் இது வரும்.

காரணம் அம்மா. அம்மா ஆற்றைத் தாண்டி டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் கோணலாக ஒரு கோடு போட்டு இதுதான் மின்னல், நம்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லவேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு நெடுநாள் மனக்குறை. அந்தச் சமயத்தில்தான் ஊரில் ஃப்ளெக்ஸ் பேனர்கள் வந்து நியான் விளக்குப் பலகைகளை ஓரங்கட்டின. பாலக்கரையில் போர்டு செய்கிற ஒருவர் பழைய நியான் டிரான்ஸ்பார்மர்களைக் காயலான் கடைக்குத் தள்ளப்போகிறார் என்று காதில் விழுந்ததும், அம்மா பள்ளிக்கூடம் விட்டு நேரே போய் ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கிரைண்டர் கல் கனம் கனக்கிற, பார்க்க சாதுவான கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் வீட்டுக் கரெண்டைக் கொடுத்தால் மறுபக்கம் பதினைந்தாயிரம் வோல்ட்டாக வெளியே வரும் என்று அவள் சொன்னபோது, தீபாவளிக்குப் பட்டுப்புடவை எடுத்தவள் முகத்தில் வருகிற களை அவள் முகத்தில் இருந்தது.

அப்பா கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பத்மா, எங்க பிளான்ட்ல இந்த வோல்ட்டேஜ் இருக்கிற ரூமுக்குள்ள போகணும்னா, கையெழுத்து வாங்கி, பூட்டைப் போட்டு, எர்த் பண்ணிட்டுத்தான் போவோம். நீ மோர்க்குழம்புக்கும் சாத்தமுதுக்கும் நடுவுல போயிட்டு வரப்போறியா?"

அம்மா அசரவில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக அச்செடுத்து வந்திருந்தாள். நீளமான ஒரு பிவிசி குழாயில் மெல்லிய தாமிரக் கம்பியை இடைவெளி இல்லாமல் சுற்றி நிறுத்தி, அதன் தலையில் இரண்டு அலுமினிய வாணலிகளை வாயோடு வாய் பொருத்தி வைத்து, அடியில் டிரான்ஸ்பார்மரையும் பொறி பறக்க ஓர் இடைவெளியையும் இணைத்தால், வாணலியிலிருந்து முழ நீளத்துக்கு மின்னல் காற்றில் பாயும். அந்தச் சாமானுக்கு ஒரு வெளிநாட்டு விஞ்ஞானியின் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'மின்னல்' என்றுதான் சொல்வோம், அது இருந்த அறை 'மின்னல் உள்'. இதைப் படித்துவிட்டு யாராவது காயலான் கடைக்குக் கிளம்பினால் அம்மாவே வந்து காதைத் திருகுவாள், சொல்லிவிட்டேன். ஒரு தடவை தப்பினால் மறுதடவை கிடையாது என்கிற வகைச் சாமான் அது.

அப்பா போட்டது ஒரே ஒரு நிபந்தனை. மின்னல் உள்ளுக்குப் போகிற கரெண்டின் சுவிட்சுக்கு ஒரு மரப்பெட்டி, அதற்கு ஒரு பூட்டு; சாவி அம்மாவிடம் இருக்கக்கூடாது. ஆசைப்பட்டவர் கையில் சாவி இருக்கப்படாது என்பது அவர் கட்சி. ஆகவே சாவி சீனு சித்தப்பாவிடம் போயிற்று.

சீனு சித்தப்பா அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். காலையில் கோயிலில் கோஷ்டியோடு நின்று பிரபந்தம், அதாவது ஆழ்வார் பாசுரங்கள், சேவிப்பார். அது முடிந்ததும் வேஷ்டியை மாற்றிக்கொண்டு காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டிக்கு வேலைக்குப் போவார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோஷ்டியில்கூட அவர் வாய் அசைவதைப் பார்த்துத்தான் சேவிக்கிறார் என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்று அப்பா கேலி செய்வார். வயது முப்பத்தைந்தை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அதில் பரம ரகசியம் ஒன்றும் இல்லை. பெண் வீட்டார் வந்து, பிள்ளை பெங்களூரா, அமெரிக்காவா என்று கேட்பார்கள்; வெங்காய மண்டி என்றதும் சொஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சித்தப்பா வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளமாட்டார். ஆனால் அன்றைக்கு மட்டும் ராத்திரிச் சாப்பாட்டில் மோர் வேண்டாம் என்பார், அதிலிருந்து எங்களுக்குத் தெரிந்துவிடும். மின்னல் பெட்டியின் சாவியை அவர் பூணூலில் முடிந்துகொண்டார். அவர் இல்லாமல் அந்த அறையில் ஒரு பொறிகூடப் பறக்காது.

பாதுகாப்புக்கு என்னென்ன விதிகள் வைப்பது என்று அம்மா உட்கார்ந்து யோசித்தபோதுதான் வேடிக்கையான ஒன்று தெரிந்தது: எங்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவேண்டியதே இல்லை. எங்கள் வீடுகளில் 'மடி' என்று ஒன்று உண்டு. குளித்துவிட்டு, தனியாக உலர்த்திய வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, பெருமாள் காரியம் முடிகிறவரை எவர்மேலும் எதன்மேலும் படாமல் இருப்பது மடி. சித்தப்பா மடியாகக் கோயிலுக்குக் கிளம்பும்போது ரேழியில் நாங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிடுவோம். 'மேலே படாதே, தள்ளிப் போ, கையைக் கட்டிண்டு நில்லு' என்பதையெல்லாம் தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்த உடம்புகள் எங்களுடையவை. "ஓடறபோது மின்னல் மடி" என்று அம்மா ஒரே வரியில் சொன்னாள், எல்லாருக்கும் புரிந்துவிட்டது. வேலை செய்கிறவர் மரமணைமேல் நிற்கவேண்டும். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். இரண்டு கையும் நீட்டினால் கரெண்ட் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். அம்மா கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள், தங்க வளையலைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வளையல் போட்டுக்கொள்வாள். மடித்துணியைக் கையால் தொடாமல் உயரத்துக் கொடியில் போட்டு எடுக்க ஒரு மூங்கில் கோல் இருக்குமே, அதில் ஒன்றை எடுத்து நுனியில் தாமிரக் கொக்கி மாட்டி, கொக்கியிலிருந்து தடித்த வயர் ஒன்றை இழுத்துக் கொல்லையில் பூமிக்குள் இறக்கினார்கள். கரெண்டை நிறுத்திய பிறகு அந்தக் கோலால் தொட்டு, மிச்சம் இருப்பதைப் பூமிக்கு அனுப்பிவிட்டுத்தான் மனுஷர் கிட்டே போகவேண்டும்.

ஒரே ஓர் இடத்தில்தான் மடிக்கும் மின்னலுக்கும் ஒத்துப்போகவில்லை. மடிக்கு ஈரவேஷ்டி உசத்தி. மின்னலுக்கு ஈரம் எமன். ஒருநாள் சித்தப்பா குளித்த ஈரத்தோடு அந்த அறை வாசலுக்கு வர, வாழ்க்கையில் முதல்முறையாக அம்மா அவரைப் பார்த்து "சீனு, தள்ளிப் போ" என்று சொன்னாள். அப்பா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

பூமிக்குள் கம்பி இறக்க இடம் தேடியதும் ஞாபகம் இருக்கிறது. எப்போதும் ஈரமாக இருக்கிற துவைக்கிற கல்லடிதான் வசதி என்றாள் அம்மா. அங்கேதானே எல்லாரும் வெறுங்காலோடு நிற்கிறோம் என்றார் சித்தப்பா. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் சமையல் உள் தண்ணீர் பாய்கிற வாழை மரத்தடியில், மனுஷர் கால் படாத இடமாகப் பார்த்து, கரியும் உப்பும் போட்டு இறக்கினார்கள்.

இதுவரை எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. வினை பாட்டில் ரூபத்தில் வந்தது. மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று அவிழ்த்துவிட ஒரு மின்தேக்கி வேண்டும். கடையில் கிடைப்பது இந்த வோல்ட்டேஜைத் தாங்காது. கண்ணாடிப் பாட்டிலில் உப்புத்தண்ணீர் நிரப்பி, உப்புத்தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கம்பியை விட்டால் வீட்டிலேயே செய்துவிடலாம். அம்மா ஊறுகாய் ஜாடியில் பார்த்தாள், ஜாம் பாட்டிலில் பார்த்தாள்; மின்சாரம் பக்கவாட்டில் துளைத்துக்கொண்டு போக, எல்லாம் உயிரை விட்டன. அச்செடுத்து வந்த தாள்களெல்லாம் ஒரே குரலில் சொன்னது, பீர் பாட்டில். வடக்கு உத்திர வீதியில், பிரபந்தம் சேவிக்கிறவர் இருக்கிற வீட்டில், பீர் பாட்டிலாம்! அம்மா ஒருநாள் முழுக்க அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். பிறகு சித்தப்பாவிடம் சொன்னாள். அடுத்த நாள் சாயங்காலம் மண்டிக்குப் பின்னால் இருந்த பழைய பாட்டில் கடையிலிருந்து ஒரு வெங்காயச் சாக்கு நிறைய வாங்கி, மொபெட்டில் முன்னால் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வீதி முனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் சாக்கு 'கிளிங் கிளிங்' என்றது. பூக்கடையில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதி பாட்டில் உடைந்துவிட்டதால் மறுநாள் இன்னொரு சாக்கு. கொல்லையில் புளியும் சாம்பலும் போட்டு அவர் அவற்றைத் தேய்த்துக் கழுவியதைப் பார்த்து, திருமஞ்சனம் ஆச்சா என்று அப்பா விசாரித்தார்.

முதல் மின்னல் வந்த சாயங்காலத்தை நான் எப்படிச் சொல்வது? மரப்பெட்டி திறந்து சுவிட்ச் விழுந்ததும் 'சடசடசட' என்று வாணலியிலிருந்து ஊதா நிறத்தில் விரல் விரலாகக் கிளம்பிக் காற்றைத் துழாவிற்று. கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மா மரமணைமேல் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய நின்றாள். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதே சமயம் வீதி முழுக்க ஒருத்தர் வீட்டிலும் டிவி தெரியவில்லை. எங்களுக்கு அது தெரியாது. மின்னல் ஓடும்போது பொறி பறக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியாத அலைகளாகவும் நாலு பக்கமும் பறந்து, அந்தக் காலத்துப் பெட்டி டிவிகளில் கோடு கோடாக இறங்கியது. அம்மா வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு மின்னலை ஓட்டுகிற நேரமும், வீதியே சீரியல் பார்க்கிற நேரமும் ஒன்று. கதாநாயகி அழத் தொடங்குவாள், 'கர்ர்ர்' என்று கோடு விழும், அழுது முடித்தபோது படம் வரும். எல்லாரும் கேபிள்காரர் முருகேசனைப் பிடித்துக்கொண்டார்கள். பாவம், அந்தப் பையன் தினமும் கம்பம் கம்பமாக ஏறி இறங்கினான். அடுத்த வீட்டுக் கமலா மாமி உறைமோர் வாங்க வந்தபோது, இந்த முருகேசன் லாயக்கில்லை, வீதியே சேர்ந்து வேறு கேபிளுக்கு மாறப்போகிறோம் என்று சொன்னாள். அம்மா கையில் இருந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, அந்த நிமிஷமே கிளம்பி வீடு வீடாகப் போய், கோடு போட்டது முருகேசன் இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள். வெறும் வாயை மெல்லுகிற வீதிக்கு அவல் கிடைத்தது.

கமலா மாமிதான் தீர்ப்புச் சொன்னாள். "உன் மின்னலை நீ வச்சுக்கோ பத்மா. எங்க சீரியல்ல இடி விழாம பாத்துக்கோ."

அலைகள் வெளியே போகாமல் இருக்க மின்னலைச் சுற்றி உலோக வலையால் கூண்டு கட்டிப் பூமியோடு இணைக்கவேண்டும். அளவான துளையோடு, வளைக்க வாகாக, ஊரில் கிடைக்கிற ஒரே வலை எது? கோழிவலை. சித்தப்பா மொபெட்டின் பின்னால் கோழிவலைச் சுருளைக் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் அதே பூக்கடையைத் தாண்டி வந்தார். கூண்டைக் கட்ட முருகேசனே வந்து உதவினான். கட்டி முடித்துப் பார்த்தால் கோடு குறைந்ததே தவிரப் போகவில்லை. அப்பா அதுவரை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவர், "வாசக்கதவைச் சாத்திட்டேள், திருடன் ஜலதாரை வழியாப் போறான்" என்றார். பொறியின் அலை, கரெண்ட் வந்த வழியிலேயே வீட்டு வயருக்குள் புகுந்து வீதிக்குப் போகிறதாம். முருகேசன் ஒரு செத்த டிவியின் வயிற்றிலிருந்து காந்த வளையம் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தான். வயரை அதில் பல சுற்றுச் சுற்றி, கூண்டுக்குள் நுழைகிற இடத்தில் வடிகட்டியாகப் பொருத்தினார்கள். கமலா மாமி தன் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு கொல்லைச் சுவர் வழியாக நேர்முக வர்ணனை கொடுத்தாள்: இருக்கு, இருக்கு, இன்னும் இருக்கு, போயிடுத்து!

அந்த வாரம்தான் சித்தப்பாவுக்கு உறையூரிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தியது. நம்மூர்ப் பெருமாளே போய்ப் பெண் எடுத்த ஊர், நமக்கென்ன என்று அப்பா குஷியாக இருந்தார். பெண் பெயர் வைதேகி. கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிற வேலை. பெண் பார்க்கப் போன இடத்தில் அவளே சித்தப்பாவிடம், மண்டி வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டாளாம். வெங்காயம் யாரையும் ஏமாற்றாது, அழுகினால் முதலிலேயே வாசனை சொல்லிவிடும் என்று இவர் சொல்ல, அவள் சிரித்துவிட்டாளாம். இதைச் சித்தப்பா அம்மாவிடம் சொன்னார், பிறகு அப்பாவிடம் சொன்னார், பிறகு எட்டாம் வகுப்பு படிக்கிற என்னிடமும் சொன்னார். அவர் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன் 'விசாரிப்பு' என்று ஒன்று உண்டு. பெண்ணின் மாமாவோ பெரியப்பாவோ கோயிலுக்கு வந்த மாதிரி வந்து, பிள்ளை இருக்கிற வீதியில் நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். நாங்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தோம். சித்தப்பாவைப் பற்றி வீதியில் யார் என்ன குறை சொல்லிவிட முடியும்? ஆனால் நாலாம் நாள் உறையூரிலிருந்து போன் வந்தது: ஜாதகத்தை இன்னொருத்தரிடம் காட்டினோம், பொருத்தம் சரியாக இல்லை, தப்பாக நினைக்கவேண்டாம். பொருந்திய ஜாதகம் பொருந்தாமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

காரணம் மறுநாள் தெரிந்தது. வீதி முனைப் பூக்கடை ராசு அண்ணன் கள்ளம் கபடம் இல்லாத மனுஷர். அவரே அப்பாவைக் கூப்பிட்டு நிறுத்திச் சந்தோஷமாகச் சொன்னார்.

"உங்க தம்பியப் பத்தி ஒருத்தர் வந்து கேட்டாருங்க. தங்கமான புள்ளைன்னு சொன்னேன். வேற என்னன்னாரு. இப்பத்தான் வீட்டுல கோழி வளக்க ஆரம்பிச்சிருக்காங்க, மூட்டை மூட்டையா பீர் பாட்டிலு போவுது, மத்தபடி ஒரு கொறையும் இல்லைன்னு சொன்னேங்க."

அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது முதலில் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். தன் பைத்தியத்தால் ஒருத்தன் வாழ்க்கை போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள், எல்லாவற்றையும் இன்றைக்கே பிரித்துக் காயலான் கடைக்குப் போடு என்று சாவியைக் கேட்டாள். சித்தப்பா சாவியைக் கொடுக்கவில்லை. மின்னல் உள்ளைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பரவாயில்லை மன்னி. தொட்டில தண்ணி குறைஞ்சிருக்கு. ரொப்பிடட்டுமா?"

அன்றைக்கு அவர் மோர் வேண்டாம் என்றார். எனக்கு அந்த ஊர் பேர் தெரியாத மாமாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அடுத்த நாள் அம்மா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டாள், என்னை இழுத்துக்கொண்டு டவுன் பஸ் பிடித்து உறையூர் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். நானும் வரட்டும், குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொல்லமாட்டாள் என்றாவது நம்புவார்கள் என்பது அவள் கணக்கு. வைதேகியின் அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டால்தான் நம்புகிற ரகம். நாங்கள் உட்கார்ந்த நாற்காலியைக்கூட ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார்.

"பீர் பாட்டில் வாஸ்தவம், கோழிவலையும் வாஸ்தவம்" என்றாள் அம்மா. "ஆனா எங்காத்துல பீரும் இல்லை, கோழியும் இல்லை."

பிறகு மின்னலின் கதையை முழுக்கச் சொன்னாள். அவர் நம்பவில்லை. இந்த மாதிரிச் சமாளிப்பை நான் கேட்டதே இல்லையம்மா என்றார். அப்போது உள்ளேயிருந்து வைதேகி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாம் போய்ப் பார்த்துவிடலாமே அப்பா, கோழி இருந்தால் சத்தம் போடாமலா இருக்கும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். பெண் வீட்டார் பிள்ளையைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் பாட்டிலைப் பார்க்க வந்தார்கள். அம்மா சொஜ்ஜி பஜ்ஜி செய்துவிட்டு, ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் மாட்டி இருட்டாக்கினாள். கூடத்தில் டிவியைப் போட்டு, சாட்சிக்குக் கமலா மாமியை அதன் முன்னால் உட்கார்த்தினாள். கூண்டின்மேல் மண்டையோடு போட்டு 'அபாயம்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது. சித்தப்பா எல்லாரையும் தரையில் சாக்பீஸால் கிழித்திருந்த கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தார். சுவிட்ச் விழுந்தது.

மின்னல் அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே கூரையைப் பார்த்து எழும்பியது. வைதேகி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பா ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒருமுறை 'அடேயப்பா' என்றார். கூடத்திலிருந்து கமலா மாமி கோடே இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை என்று கத்தினாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கை காட்டினாள், சித்தப்பா சுவிட்சை நிறுத்திப் பெட்டியைப் பூட்டினார். பூட்டுகிற அந்த இடைவெளியில் அம்மா சந்தோஷத்தில் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, வாங்கோ வாங்கோ, வந்து பாருங்கோ என்று சொல்லிவிட்டாள். கோலை அவள் இன்னும் எடுக்கவில்லை. கரெண்ட் போனாலும் அந்தப் பாட்டில்கள் வாங்கிவைத்ததை மறப்பதில்லை. தொட்டவர்மேல் முழுக்கக் கொட்டிவிட்டுத்தான் ஓயும்.

வைதேகியின் அப்பா மண்டையோட்டுப் பலகையை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே குனிந்தார். பாட்டில் கழுத்தில் இருந்த கம்பியைத் தொட்டுப் பார்க்கக் கை நீண்டது. அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறந்தாள், குரல் வரவில்லை.

"தொடாதீங்கோ! மடி!"

சித்தப்பாவின் குரல். வீடே அதிர்ந்தது. அபாயம் என்று எழுதிய பலகைக்கு மசியாத அந்தக் கை, இந்த ஒரு சொல்லுக்கு, சுட்டது போல் பின்னால் போயிற்று. அறுபது வருஷமாக அந்தச் சொல்லுக்குப் பின்வாங்கிப் பழகிய கை அது. சித்தப்பா நடுவில் புகுந்து கோலை எடுத்துக் கொக்கியால் கம்பியைத் தொட்டார். 'டப்' என்று பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், கண் கூசுகிற வெளிச்சம். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் தொட்டார். இந்த முறை 'டிக்' என்று சின்னதாக. ஒருதரம் எடுத்தால் போதாது, மறுபடி ஊறும் என்று தணிந்த குரலில் விளக்கம் வேறு சொன்னார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வைதேகியின் அப்பா தன் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டே கூடத்துக்கு வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார்.

"பிள்ளை குரலே எழுப்பமாட்டார்னு தரகர் சொன்னாரே?"

"இதுவரைக்கும் தேவைப்படலை" என்றார் சித்தப்பா.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ராசு அண்ணன்தான் பூ அலங்காரம், முருகேசன்தான் வீடியோ. முகூர்த்த நேரத்தில் சம்பந்தி மாமா எல்லாரிடமும், என் மாப்பிள்ளை கொடுத்த உயிர் இது என்று சொல்லிச் சொல்லிப் பாதி மண்டபத்தை அழவைத்தார், மீதிப் பாதி காரணம் புரியாமல் விழித்தது.

வடக்கு உத்திர வீதி வீடு இப்போது யாத்ரீகர்கள் தங்குகிற விடுதி; மின்னல் உள் இருந்த இடத்தில் குளியலறை கட்டி வெந்நீர் ஹீட்டர் மாட்டியிருக்கிறார்கள். டிவியில் கோடு விழுகிற காலமும் போயிற்று. இப்போது கெட்டால் படம் அப்படியே உறைந்து நிற்கிறது, யாரையும் குறை சொல்லவும் வழியில்லை, அடுத்த வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஊரில் தேடினால் ஒரு நியான் பலகை அகப்படாது. என் பெண்ணிடம் மடி என்றால், அம்மா மடியா என்று கேட்கிறாள். அம்மா ஓய்வு பெற்றுத் தில்லைநகர் அடுக்குமாடியில் இருக்கிறாள். அங்கே கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் பூமி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, நான் எங்கே எர்த் பண்ணுவது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறாள்.

போன மாதம் வைதேகி சித்தி ஊரிலிருந்து வந்திருந்தபோது பேச்சு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பியது. உங்கள் அப்பாவைச் சித்தப்பா காப்பாற்றினாரே என்றுதான் நீங்கள் சம்மதித்தீர்களா என்று கேட்டேன். இத்தனை வருஷமாக நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். சித்தி பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அதுக்கு முன்னாடியே நான் முடிவு பண்ணிட்டேன்டி. மின்னல் அடிச்சிண்டிருந்ததே, அப்போ. நீங்க எல்லாரும் வாயைப் பிளந்துண்டு மேல பாத்துண்டிருந்தேள். இவர் ஒருத்தர் மட்டும் ஒருதரம்கூட அதைத் திரும்பிப் பாக்கலை. எங்க ஒவ்வொருத்தர் கையும் எங்கே இருக்குன்னு பாத்துண்டே நின்னார்."